உங்களுக்குத் தெரியுமா? சேலம் கம்பெனி படத்தில் நடித்த 'ஜோக்கர்'

போன வாரம் மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு போட்டோவைக் கைமாற்றி விட்டேன். பருத்தி ஏலம் முடிந்த நேரம் என்பதால் கடையில் நல்ல கூட்டம். போட்டோவில் வெள்ளைப் பூச்சு பூசிய முகம், பச்சைத் தலைமுடி, காது வரை இழுத்த சிவப்பு உதடு. "ஏனுங், சர்க்கஸ் கோமாளிங்களா?" என்றார் ஒரு பெரியவர். "இல்லீங்கய்யா, அமெரிக்காவுல பேரு போன நடிகரு. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்துல நடிச்சிருக்காரு" என்றேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரை நம்ப வைக்க எனக்கு இரண்டு டீ செலவாயிற்று. இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

ஒரே வருடத்துப் பிள்ளைகள்

அந்த நடிகரின் பெயர் சீசர் ரொமேரோ. 1907 பிப்ரவரி 15 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். கியூபாவில் வேர் கொண்ட குடும்பம். அதே 1907 ஜூலை 16 அன்று, மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய திருச்செங்கோட்டில் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். முதல் எழுத்து 'டி' திருச்செங்கோட்டைக் குறிக்கும். ஐந்து மாத இடைவெளியில் பூமியின் இரு பக்கங்களில் பிறந்த இந்த இருவரின் பெயரும் 45 வருடம் கழித்து ஒரே படத்தில் சேர்ந்தன. 1952ல் வந்த 'தி ஜங்கிள்'தான் அந்தப் படம். தமிழில் அதற்கு 'காடு' என்று பெயர்.

சர்க்கரையோடு கரைந்த சொத்து

ரொமேரோவின் அப்பா கியூபாவின் கரும்பு ஆலைகளுக்கு எந்திரங்கள் ஏற்றுமதி செய்து வந்தவர். வீட்டில் நல்ல வசதி இருந்தது, பையனும் நியூயார்க்கின் பெரிய பள்ளிகளில் படித்தான். பிறகு சர்க்கரை விலை விழுந்தது, குடும்பத் தொழிலும் கூடவே விழுந்தது. பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கு மூட்டை கொண்டுபோய்ப் பழகியவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்த பையன் நடன மேடை ஏறினான், அங்கிருந்து நாடகம், நாடகத்திலிருந்து ஹாலிவுட். கடைசிவரை குடும்பத்தைத் தாங்கியது அவருடைய சம்பளம்தான்.

தியாகி வீட்டுப் பேரன்

கியூபாவின் விடுதலைக்குப் போராடி 1895ல் போர்க்களத்தில் மாண்ட கவிஞர் ஹொசே மார்த்தியை அந்நாட்டினர் தேசத் தந்தை போலப் போற்றுகிறார்கள். தன் தாய் மரியா மாந்தில்யா அந்த மார்த்திக்குப் பிறந்த மகள் என்று ரொமேரோ வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார். வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு முறை 'இந்தியர்'

இந்த ஆளைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது இந்த விஷயம்தான். ரொமேரோ திரையில் நான்கு முறை நம் தேசத்து ஆளாக வந்திருக்கிறார்.

முதல் தடவை 1935ல். 'கிளைவ் ஆஃப் இந்தியா' என்ற படத்தில் ராபர்ட் கிளைவாக ரொனால்ட் கோல்மன் நடித்தார். 1744ல் கம்பெனி எழுத்தராகச் சென்னைக் கோட்டைக்கு வந்து, 1757ல் பிளாசியில் ஜெயித்த அதே கிளைவ்தான். அந்தப் போரில் வங்காள நவாபை விட்டுக்கொடுத்த மீர் ஜாபராக வந்தவர் ரொமேரோ. துரோகி வேஷத்தோடு கணக்குத் தொடங்கிவிட்டார்.

இரண்டாவது தடவை 1937ல். கிப்ளிங்கின் கதையை வைத்து ஜான் ஃபோர்டு எடுத்த 'வீ வில்லி விங்கி'யில் வடமேற்கு எல்லைப்புற மலைக்கூட்டத் தலைவன் கோடா கான். வெள்ளைக்காரச் சிப்பாய்களை நடுங்க வைக்கும் அந்தத் தலைவன், குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பேச்சில் உருகிப்போவான். படத்தில் தெரியும் கைபர் மலைகள் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் பாறைகள்.

மூன்றாவது தடவை 1939ல், மறுபடியும் ஷெர்லி டெம்பிளோடு. 'தி லிட்டில் பிரின்சஸ்' என்ற வண்ணப் படத்தில் லண்டனில் ஒரு பிரபுவின் வீட்டில் வேலை பார்க்கும் ராம்தாஸ். நல்ல மனசுக்காரர், தலைப்பாகைக்காரர். எடுத்த இடம் அமெரிக்க ஸ்டுடியோ.

ஆக, அதுவரை இந்திய மண் காலில் ஒட்டாமலே மூன்று தடவை இந்தியராகி இருந்தார். நான்காவதாக 1952ல் 'தி ஜங்கிள்' படத்தின் 'ராமா சிங்'. இந்தத் தடவை படப்பிடிப்பு இந்தியாவில் நடந்தது, பங்குக்கு நின்ற கம்பெனியும் இந்தியக் கம்பெனி. கூட நடித்தவர்களில் நம்பியாரும் உண்டு. மற்ற மூன்று படங்களைப் பற்றி உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நாலாவது மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கே மறந்துபோயிற்று.

எதிர்த்திசையில் ஒரு பையன்

நியூயார்க்காரர் தலைப்பாகை கட்டி இந்தியராக நடித்துக்கொண்டிருந்த அதே 1937ல், மைசூர் சமஸ்தானத்து மாவுத்தர் மகன் சாபு 'எலிஃபென்ட் பாய்' படத்தில் அறிமுகமானான். பிறகு 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்', 'ஜங்கிள் புக்' என்று அவன் போகாத இடமில்லை. 1944ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அந்நாட்டு விமானப் படையில் குண்டுவீச்சு விமானத்தின் வால் துப்பாக்கிக்குக் காவல் இருந்தான். 39 வயதில் இறந்துபோனான். ஒரிஜினல் இந்தியன் கையில் இருந்தும் ஹாலிவுட் சாயம் பூசிய இந்தியர்களை விடவில்லை என்பது தனிக் கதை.

நூல்காரர் வீட்டுப் பிள்ளை

திருச்செங்கோட்டுக் கதைக்கு வருவோம். சுந்தரத்தின் குடும்பம் நூல் வியாபாரக் குடும்பம். பிள்ளையை இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அனுப்பி நெசவுத் தொழில்நுட்பம் படிக்க வைத்தார்கள். படிப்போடு கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணையும் மணந்துகொண்டு ஊர் திரும்பியவர், தறிப்பட்டறைப் பக்கம் போகாமல் படக் கொட்டகைப் பக்கம் திரும்பினார். சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸில் கைப்பழக்கம் கண்டு, 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சொந்தப் பேனரில் முதல் படம் 'சதி அகல்யா', 1937ல்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். இவர் தளம், லேப், ஒலிப்பதிவு, நடிகர்கள் தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கட்டினார். நடிகருக்கு மாதச் சம்பளம். எல்லாருக்கும் அவர் 'முதலாளி'. பஞ்சாலை நடத்துகிற மாதிரி சினிமா எடுத்தவர் என்று அவருக்குப் பேர். படித்த படிப்பு எங்கே போகும்?

மலையாளமும் இங்கேதான் பேசியது

1938 ஜனவரியில் வெளிவந்த 'பாலன்' மலையாளத்தின் முதல் பேசும் படம். எடுத்தது கேரளத்துக் கம்பெனி இல்லை, நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். கேமரா பிடித்தவர் ஜெர்மன்காரர், டைரக்டர் எஸ். நொட்டாணி வடக்கத்திக்காரர். வெளிநாட்டு ஆள் வேலைக்கு வேண்டும் என்றால் கூப்பிட்டுக்கொள்ள சுந்தரம் தயங்கியதே இல்லை. பின்னாளில் ஹாலிவுட்காரர்களோடு கைகோர்த்ததை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியம் பாதியாகக் குறைந்துவிடும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) இரண்டும் அதே காம்பவுண்டிலிருந்துதான் வந்தன.

படம் பார்த்துப் படம் எடுத்தவர்

சுந்தரத்துக்கு ஹாலிவுட் படங்களின் மீது தீராத பசி. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்த 'உத்தம புத்திரன்' (1940) இரும்பு முகமூடி மனிதன் கதை. எம்.ஜி.ஆரின் 'சர்வாதிகாரி' (1951) 'தி கேலன்ட் பிளேடு' என்ற அமெரிக்கப் படத்தின் வழி வந்தது. கதையைக் கொண்டுவந்து கொண்டுவந்து அலுத்துப்போய்தான் நடிகர்களையே கொண்டுவந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நடுவில் நின்ற டங்கன் துரை

ஹாலிவுட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் பாலமாக ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1909ல் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன். கலிபோர்னியாவில் சினிமா படித்தபோது கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935ல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் 15 வருடம் இருந்துவிட்டார். தமிழ் பேச வராது. ஆனால் எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா மூவரும் திரைக்கு வந்த 'சதி லீலாவதி' (1936) அவர் இயக்கிய படம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'சகுந்தலை', 'மீரா' இரண்டும் அவர் கைவண்ணம்தான்.

மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 1950ல் 'பொன்முடி'யும் 'மந்திரி குமாரி'யும் இயக்கினார். குண்டலகேசிக் கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய வசனத்தில் ஒரு சொல்கூட டைரக்டருக்குப் புரியாது என்றால் பாருங்கள். அந்தப் படம் முடியும் முன்பே அவர் அமெரிக்கா கிளம்பிவிட, மீதியை முடித்தவர் முதலாளி சுந்தரம். டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். போன டங்கன் சும்மா இருக்கவில்லை. யானை, புலி, காடு என்று இந்தியாவில் படம் எடுக்க வரும் ஹாலிவுட்காரர்களுக்கு ஒத்தாசையாகத் திரும்பத் திரும்ப வந்தார். 'தி ஜங்கிள்' உருவானதிலும் அவர் கை உண்டு.

ஒரு டிக்கெட், இரண்டு படம்

அமெரிக்கப் பக்கத்தில் பங்காளி ராபர்ட் லிப்பெர்ட். அடிப்படையில் அவர் தியேட்டர் முதலாளி. அந்நாளில் அமெரிக்கக் கொட்டகைகளில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய நட்சத்திரப் படம் ஒன்று, கூடவே ஒரு சின்னப் படம். அந்தச் சின்னப் படத்துக்கு 'பி' படம் என்று பெயர். குறைந்த செலவு, சில நாள் படப்பிடிப்பு, ஒன்றேகால் மணி நேர ஓட்டம். லிப்பெர்ட் தன் கொட்டகைகளுக்கு வேண்டிய சரக்கைத் தானே தயாரித்துக்கொண்டவர். கடைக்காரரே செக்கு வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி.

'தி ஜங்கிள்' அப்படிப்பட்ட 'பி' படம்தான். ஓடும் நேரம் 73 நிமிடம். டைரக்டர் வில்லியம் பெர்க் இந்த ரகப் படங்களில் ஊறியவர், டார்சான் புகழ் ஜானி வைஸ்முல்லரை வைத்து 'ஜங்கிள் ஜிம்' எடுத்தவர். ரொமேரோவும் அப்போது பெரிய ஸ்டுடியோ ஒப்பந்தம் முடிந்து வெளியே நின்ற நேரம். லிப்பெர்ட்டுக்கு 1951லேயே டைனோசர் படம் ஒன்றில் நடித்து முடித்திருந்தார். 'லாஸ்ட் கான்டினென்ட்' என்று பெயர். டைனோசரிலிருந்து அடுத்து அவர் வந்து சேர்ந்தது யானைக்கு.

கம்பளி போர்த்திய யானைகள்

கதை இதுதான். யானைகள் கூட்டம் கூட்டமாகக் காட்டைவிட்டு வெளியே ஓடிவந்து கிராமங்களை மிதித்து நாசமாக்குகின்றன. இளவரசி சீதா காரணம் கண்டுபிடிக்கக் காட்டுக்குள் கிளம்புகிறாள். அமெரிக்க வேட்டைக்காரன் ஸ்டீவ் பென்ட்லி, "அந்த யானைகளே வேறு எதற்கோ பயந்து ஓடுகின்றன. நான் கண்ணால் கண்டேன்" என்கிறான். முன்பு அவனோடு காட்டுக்குப் போன இளவரசியின் அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. ரொமேரோ நடித்த ராமா சிங்குக்கு அமெரிக்கன் மேல் சந்தேகம்.

யானையை விரட்டிய அந்த 'வேறு எது' என்ன? மம்மூத். பனி யுகத்தில் உலவிய, ரோமம் அடர்ந்த ராட்சத யானை. அதற்கு எங்கே போவது? நம்மூர் யானைகளுக்கே நீளமான சடை ரோமப் போர்வை மாட்டி மம்மூத் ஆக்கிவிட்டார்கள். படம் முழுக்க எதிர்பார்க்க வைத்துவிட்டுக் கடைசியில் கொஞ்ச நேரம்தான் காட்டுவார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருந்தால் நம் கோயில் யானையை மார்கழிக் குளிருக்குப் போர்த்தி விட்டிருக்கிறார்கள் என்று குழந்தைகளே சொல்லிவிடும். படம் சுமார். இதை ஊர்ப் பாசத்துக்காக மறைக்க நான் தயாரில்லை. ஆனால் நிஜ யானைக் கூட்டம் வரும் காட்சிகளும் காடும் இன்றும் பார்க்கத் தகுந்தவை. கலிபோர்னியாப் பாறையை வைத்து அந்தக் காட்சிகளை எடுத்திருக்க முடியாது.

போர்வைக்குள் ஒரு சரி

மம்மூத் தென்னிந்தியாவில் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் ஆசிய யானைக்குக் கம்பளி போர்த்தியவர்கள் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க யானையைவிட ஆசிய யானைக்குத்தான் மம்மூத் நெருங்கிய சொந்தம் என்று பின்னாளில் மரபணு ஆய்வுகள் காட்டின. கடைசி மம்மூத்கள் ரஷ்யாவின் வடகோடியில் ராங்கெல் தீவில் சுமார் 4,000 வருடங்களுக்கு முன்புவரை உயிரோடு இருந்தன. எகிப்தில் பெரிய பிரமிடு கட்டி முடித்த பிறகும் அவை மேய்ந்துகொண்டிருந்தன.

கேமராவுக்குப் பின்னால் ஆஸ்கர்

'தி ஜங்கிள்' படத்தின் ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா. 'ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்' (1928) படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆப்பிரிக்காவுக்கே போய் எடுத்த 'டிரேடர் ஹார்ன்' (1931) அவர் பிடித்த படம். தூர தேசத்துக் காட்டுக்குப் போகும்போதெல்லாம் சொந்தமாக ரேடியோ கருவி எடுத்துப்போய் ஊரோடு பேசும் பழக்கம் அவருக்கு இருந்தது. செல்போன் டவர் இல்லாத காலம், மனுஷன் முன்யோசனைக்காரர். 1953ல் இறந்தார்.

நம்பியார் பேசிய இங்கிலீஷ்

'திகம்பர சாமியார்' (1950) படத்தில் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அசத்திய எம்.என். நம்பியார் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு நெருக்கமானவர். 'தி ஜங்கிள்' படத்தில் அவர் பெயர் மஹாஜி. ஆக, பின்னாளில் 'பேட்மேன்' வில்லனான ரொமேரோவும் எம்.ஜி.ஆர். படங்களின் வில்லனான நம்பியாரும் ஒரே படத்தில் இருக்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் இரண்டு பேரும் சாதுவான மனிதர்கள் என்றே பேர் எடுத்தவர்கள். நம்பியார் சபரிமலைக் குருசாமி. ரொமேரோ கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாமல் உறவினர்களோடு வாழ்ந்தவர்.

படத்தின் பிரதம மந்திரியாக வருபவர் டேவிட் ஆபிரகாம். இரண்டு வருடம் கழித்து 'பூட் பாலிஷ்' என்ற இந்திப் படத்தில் ஜான் சாச்சாவாக வந்து தேசம் முழுக்கக் குழந்தைகளுக்குச் சித்தப்பா ஆனவர்.

மாமியாரைக் கட்டிய வேட்டைக்காரர்

ஸ்டீவ் பென்ட்லியாக நடித்த ராட் கேமரான் கனடாவின் கால்கரியில் 1910ல் பிறந்தவர். ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழும் வேலையில் தொடங்கி, கௌபாய் படங்களில் நாயகனாக ஏறியவர். அவரைப் பற்றி ஹாலிவுட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. 1960ல் மனைவியை விவாகரத்து செய்தார். அடுத்து யாரை மணந்தார்? அந்த மனைவியின் அம்மாவை. கட்டியவள் மகள் முறை ஆகிவிட்டாள். இந்த முறைகெட்ட முறையை எங்கள் பக்கத்து அப்பத்தாக்களிடம் சொல்லிப் பார்த்தேன், வெற்றிலை புரையேறிவிட்டது. அவரோடு வேலை செய்த டைரக்டர் வில்லியம் விட்னி, தான் பார்த்த ஆட்களிலேயே மகா தைரியசாலி கேமரான்தான் என்றார். காரணம் குதிரைச் சண்டை இல்லை, இந்தக் கல்யாணம்.

உயரம் பிரச்சினை இல்லாத படம்

இளவரசி சீதாவாக வந்த மேரி வின்ட்சர் யூட்டா மாநிலத்துப் பெண், பிறந்தது 1919ல். ஐந்தடி ஒன்பது அங்குலம். கதாநாயகர்கள் பல பேர் அவரைவிடக் குட்டை என்பதால் முழங்காலை மடக்கி நடித்த அனுபவங்களை அவரே சொல்லியிருக்கிறார். 'தி ஜங்கிள்' படத்தில் இந்தப் பக்கம் ஆறடி மூன்று அங்குல ரொமேரோ, அந்தப் பக்கம் அவரையும் தாண்டிய கேமரான். நிம்மதியாக நிமிர்ந்து நின்றிருப்பார். அதே 1952ல் வந்த 'தி நேரோ மார்ஜின்', பிறகு ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' (1956) இரண்டும் அவருக்கு நிலையான பேரைத் தந்தன. 2000 டிசம்பர் 10 அன்று, 81ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் காலமானார்.

மூன்று சொட்டுச் செய்தி

• அமெரிக்காவில் 'தி ஜங்கிள்' வெளியானபோது பிரின்டுக்குக் காவி கலந்த பழுப்பு நிறம் ஏற்றியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைக்கும் கலருக்கும் நடுவில் ஒரு சிக்கனம்.

• படத்தின் இசைக்கு எஸ். தட்சிணாமூர்த்தி, ஜி. ராமநாதன் பெயர்கள். ஹாலிவுட் ஹீரோ நடக்கப் பின்னணி வாசித்தவர்கள் நம் பாட்டு வாத்தியார்கள்.

• ரொமேரோ 1942ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். நடிகர் என்று சலுகை கேட்காமல் கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து, 'காவலியர்' கப்பலில் பசிபிக் போர்முனை வரை போனவர்.

எடுக்காத மீசை

இப்போது டீக்கடைப் போட்டோவுக்கு வருகிறேன். 1966ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பேட்மேன்' தொடர் தொடங்கியது. அதன் வில்லன் ஜோக்கர் வேஷத்துக்கு ரொமேரோவைக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு 59 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேஷத்துக்கு முகம் மழமழவென்று இருக்க வேண்டும். ரொமேரோவின் மீசையோ அவருடைய அடையாளம், 30 வருடமாக அவருக்குச் சோறு போட்ட மீசை. "எடுக்க முடியாது" என்றார். எடுக்கவில்லை. மீசைக்கு மேலேயே வெள்ளைச் சாயத்தை அப்பி நடித்தார். கூர்ந்து பார்த்தால் வெள்ளைக்குள் மீசை மயிர் புடைத்துக்கொண்டு தெரியும். எங்கள் டீக்கடையில் நம்பாதவரும் நம்பிய இடம் இதுதான். "மீசைய எடுக்கமாட்டேன்னாரா? அப்போ நம்மாளுதானுங்க" என்றார் பெரியவர்.

ஒரு வேடிக்கை. ரொமேரோ முதன்முதலில் இந்தியராக வந்தாரே, 'கிளைவ் ஆஃப் இந்தியா', அதில் கிளைவாக நடித்த ரொனால்ட் கோல்மனுக்கும் மீசைதான் அடையாளம். 18ஆம் நூற்றாண்டு ஆளுக்குப் பொருந்தாது என்று அந்தப் படத்துக்காகக் கோல்மன் மீசையை மழித்துக்கொண்டார். கிளைவுக்காக ஒருவர் எடுத்தார், ஜோக்கருக்காக ஒருவர் எடுக்க மறுத்தார். ஜோக்கர் வேஷத்தில் பின்னாளில் ஜாக் நிக்கல்சன், ஹீத் லெட்ஜர், ஹாக்கின் ஃபீனிக்ஸ் எல்லாரும் வந்தார்கள், கடைசி இருவரும் ஆஸ்கரும் வாங்கினார்கள். படத்தில் முதன்முதலில் ஜோக்கராகச் சிரித்த மீசைக்காரர் இவர். 1994 ஜனவரி 1 அன்று சான்டா மோனிகாவில் இறந்தார், வயது 86.

அதே 1994ல் டங்கன் சென்னைக்கு வந்தார். தமிழ்த் திரையுலகம் அவரைக் கூப்பிட்டுக் கௌரவித்தது. 2001 டிசம்பர் 1 அன்று அவரும் மறைந்தார்.

பாதி இது, பாதி அது

சுந்தரம் 1963 ஆகஸ்ட் 30 அன்று காலமானார். மகன் ராமசுந்தரம் கம்பெனியை நடத்தினார். ஜெய்சங்கரைத் தென்னாட்டு ஜேம்ஸ்பாண்ட் ஆக்கிய 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) எல்லாம் மகன் காலத்தவை. அப்பாவுக்கு இருந்த ஹாலிவுட் பசி பிள்ளைக்கும் இருந்தது. பிறகு தளங்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் செல்பி எடுக்கிறவர்கள் கருணாநிதி, எம்.ஜி.ஆர்., கண்ணதாசன் பேரையெல்லாம் சொல்வார்கள். ரொமேரோ பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

திருச்செங்கோட்டு மலை மேல் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர், பாதி அப்பன், பாதி அம்மை. அந்த மலையடிவாரத்துப் பிள்ளை பாதி ஹாலிவுட், பாதி சேலம் என்று ஒரு படத்தைத் தைத்ததில் எனக்கு என்னவோ பெரிய வியப்பு இல்லை.

கடைசியாக ஒன்று

'காடு' வந்த 1952ல் மல்லசமுத்திரமும் திருச்செங்கோடும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் மாவட்டம் பிரிந்தது 1997 ஜனவரி 1 அன்று. அதனால் ரொமேரோவின் கதையில் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் சம உரிமை உண்டு, சண்டை வேண்டாம்.

அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனால் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், வண்டி கட்டித் தமுக்கடித்து நோட்டீஸ் வீசுவார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அவற்றைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவைத்த தாத்தாக்கள் நிறையப் பேர். இந்தப் பொங்கலுக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது 'காடு' என்று போட்ட தாள் ஏதாவது கையில் அகப்பட்டால், போகிக் குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து எனக்கும் காட்டுங்கள், டீச் செலவு என்னுடையது.